பருப்பொருளும் அளவீடும்: எல்லையோரத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் ஆகிய ஊர்களைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர், பத்தாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்துவிட்டு, மலையாளமும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்கும் பிளஸ் ஒன் வகுப்பில் போய் அமர்கிறார்கள். அவர்களுக்கு மாலை வேளைகளில் வேதியியல் சொல்லித்தரும் எனக்கு, முதல் பாடத்தைப் பற்றி ஆண்டுதோறும் வரும் கேள்விகள் ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டன. எளிய பாடம் என்று எண்ணிப் பலரும் இதை ஒரு வாரத்தில் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் பின்னால் கரைசல், வாயு, வினைவேகம் என்று வரும் கணக்குகளில் அவர்கள் செய்யும் பிழைகளைப் பின்தொடர்ந்து போனால், பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. எதை அளந்தோம், எந்தக் கருவியால் அளந்தோம் என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதியிருப்பார்கள்.

மலையாளப் புத்தகத்தில் ‘த்ரவ்யம்’ என்று இருக்கிறதே, அது நம்முடைய திரவம்தானே?

இல்லை. மலையாளத்தில் ‘த்ரவ்யம்’ என்பது தமிழில் நாம் பருப்பொருள் என்று சொல்வது. நம்முடைய திரவத்தை, அதாவது நீர்மத்தை, அவர்கள் ‘த்ராவகம்’ என்பார்கள். இங்கே இரண்டாவது பள்ளம் ஒன்று காத்திருக்கிறது. தமிழில் திராவகம் என்றால் அமிலம். ஆகவே ‘ஜலம் ஒரு த்ராவகமாணு’ என்ற வரியைப் படித்துவிட்டு, தண்ணீர் எப்படி அமிலமாகும் என்று ஒரு மாணவி என்னிடம் உண்மையாகவே கவலையோடு கேட்டாள். தமிழில் திரவியம் என்ற சொல் செல்வத்தையும் வாசனைப் பொருளையும் குறிப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. தனிமத்தை மலையாளத்தில் ‘மூலகம்’ என்பார்கள்; அது இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களிலும் வழங்கும் சொல் என்பதால் நமக்கு அவ்வளவு அந்நியமில்லை.

பருப்பொருள் என்பது இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது, நிறை உடையது. இந்த இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே பொருந்த வேண்டும். காற்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், சாதாரண அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிராம் நிறை கொண்டது. நன்றாகக் காற்றடித்த பந்தையும் காற்று இறங்கிய அதே பந்தையும் நகைக்கடைத் தராசு போன்ற ஒரு நுண்தராசில் வைத்தால் வேறுபாடு தெரியும். ஒளி, ஒலி, வெப்பம் ஆகியவை பருப்பொருள் அல்ல.

நிறை, எடை, பிண்டம், தூக்கம்: இவற்றில் எது எது?

நிறை என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. மலையாளத்தில் அதற்குப் ‘பிண்டம்’ என்று பெயர். நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பொருளை நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். எடை என்பது அந்த நிறையைப் பூமி தன்பால் இழுக்கும் விசை. அதன் அலகு நியூட்டன். கடைத்தெருவில் மலையாளத்தில் கேட்கும் ‘தூக்கம்’ என்ற சொல்லும் எடையைத்தான் சொல்கிறது, உறக்கத்தை அன்று.

இரண்டு தட்டுள்ள பழைய தராசு, ஒரு தட்டில் உள்ள பொருளை மறு தட்டில் உள்ள படிக்கல்லோடு ஒப்பிடுகிறது. இரண்டையும் பூமி ஒரே அளவில்தான் இழுக்கிறது என்பதால், அந்தத் தராசு எந்த ஊரிலும், நிலவிலும்கூட, நிறையைச் சரியாகச் சொல்லும். மின்னணுத் தராசோ தட்டின்மேல் விழும் விசையை உணர்ந்து, அதைக் கிலோகிராமாக மாற்றிக் காட்டுகிறது. புவியீர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.78 மீ/வி², துருவங்களில் 9.83 மீ/வி² என்று சிறிது மாறுவதால், துருவத்தில் சீர்செய்த மின்னணுத் தராசை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 5 கிராம் பிழை வரும். கொழிஞ்சாம்பாறையில் சீர்செய்த தராசை மூணாறுக்கு ஏற்றிச் சென்றால் வேறுபாடு கிலோவுக்கு அரைக் கிராமுக்கும் குறைவுதான்; காய்கறிக் கடைக்கு அது பொருட்டன்று, நகைக்கடைக்குப் பொருட்டு.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுகிறது. அது திண்மமா, நீர்மமா? உறைந்தால் எடை கூடுமா?

இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஏனெனில் அலமாரியில் இருக்கும் ஒரு பாட்டிலே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 முதல் 25 டிகிரி செல்சியஸில் உறைகிறது. நம் ஊரில் மார்கழி விடியற்காலையில் மட்டும் அது வெண்ணிறமாகத் திரண்டு நிற்கும். மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தோட்டக் குடியிருப்புகளில் ஆண்டின் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கும். ஆகவே எண்ணெய் திண்மமா நீர்மமா என்ற கேள்விக்கு, வெப்பநிலையைச் சொல்லாமல் விடை கிடையாது. ‘அறை வெப்பநிலையில்’ என்று புத்தகம் எழுதும்போது, எந்த ஊர் அறை என்று கேட்கும் பழக்கம் நல்லது.

உறையும்போது நிறை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மாறுவது கன அளவு. எண்ணெய் உறைந்தால் சுருங்குகிறது. அதனால் பாதி உறைந்த பாட்டிலைப் பார்த்தால் வெண்துகள்கள் அடியில் படிந்திருக்கும். தண்ணீர் இதற்கு நேர்மாறு: உறைந்தால் விரிகிறது, ஒரு கனசென்டிமீட்டர் பனிக்கட்டி 0.917 கிராம்தான் இருக்கிறது, ஆகவே மிதக்கிறது. பெரும்பாலான பொருள்கள் எண்ணெயைப் போன்றவை, தண்ணீர்தான் விதிவிலக்கு. அன்றாடம் பார்ப்பது தண்ணீர் என்பதால் நாம் விதிவிலக்கையே விதியென்று எண்ணிக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். தூய பனிக்கட்டி, வழக்கமான காற்றழுத்தத்தில், சரியாக 0 டிகிரியில் உருகி முடியும்வரை அந்த வெப்பநிலையிலேயே நிற்கும். தேங்காய் எண்ணெய் அப்படிச் சட்டென்று ஒரு புள்ளியில் உருகுவதில்லை. முதலில் இளகி, பின் கூழாகி, அப்புறம் தெளிகிறது. அது ஒரே சேர்மம் அன்று, பல கொழுப்புகளின் கலவை என்பதே காரணம். அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். ஒரு பொருள் தூயதா கலவையா என்று அறிய ஆய்வகத்தில் உருகுநிலையைப் பார்ப்பது இந்த அடிப்படையில்தான்.

எண்ணெய் வாங்கும்போது லிட்டர் விலையா, கிலோ விலையா என்று பார்ப்பதும் வேதியியல்தான். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் 910 முதல் 920 கிராம்வரைதான் இருக்கும். நானே ஒருமுறை கிலோ விலையையும் லிட்டர் விலையையும் ஒன்றென்று எண்ணி, லிட்டர் கணக்கில் விற்ற கடை மலிவு என்று முடிவுசெய்து, வீட்டில் பாட்டு வாங்கினேன்.

தனிமம், சேர்மம், கலவை ஆகியவற்றை எப்படிப் பிரித்தறிவது?

தனிமத்தில் ஒரே வகை அணுக்கள்தான் இருக்கும், அங்கே விகிதம் என்ற பேச்சே இல்லை. மற்ற இரண்டையும் பிரித்தறிய விகிதத்தைப் பாருங்கள். கலவையில் விகிதம் நம் விருப்பம்: மோரில் எவ்வளவு வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம், அப்போதும் அது மோர்தான். சேர்மத்தில் விகிதம் இயற்கையின் முடிவு: பாரதப்புழையின் நீரானாலும் ஆழ்குழாய்க் கிணற்று நீரானாலும், அதிலுள்ள உப்புகளை நீக்கித் தூய்மையாக்கிய 18 கிராம் நீரில் ஏறத்தாழ 2 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் இருக்கும். பித்தளை கலவை, ஏனெனில் செம்பும் துத்தநாகமும் வெவ்வேறு விகிதங்களில் சேர்ந்தும் பித்தளையாகவே இருக்கின்றன. எல்லாப் பகுதியும் ஒன்றுபோல் இருப்பதால் மட்டும் ஒரு பொருள் சேர்மமாகிவிடாது. உப்புக் கரைசலும் காற்றும் ஒருபடித்தான கலவைகள்.

பதநீர், கள், கருப்பட்டி: எது இயற்பியல் மாற்றம், எது வேதியியல் மாற்றம்?

சித்தூர்ப் பக்கத்தில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. தென்னங்கள்ளுக்குப் பெயர்போன வட்டாரம். பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்பு நீர். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. புதிய பொருள்கள் உண்டாகின்றன, திரும்ப இனிப்பாக்க வழியில்லை. ஆகவே வேதியியல் மாற்றம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு காரத்தன்மை அடைகிறது, அந்தச் சூழலில் ஈஸ்ட் வேலை செய்ய முடிவதில்லை, சாறு பதநீராகவே நிற்கிறது.

வினையில் மொத்த நிறை மாறாது என்னும் நிறை மாறாக் கோட்பாட்டையும் இங்கேயே பார்த்துவிடலாம். 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கின்றன. கூட்டினால் 180. ஆனால் திறந்த கலயத்தைத் தராசில் வைத்திருந்தால் நிறை குறைந்துகொண்டே வருவதைக் காணலாம், ஏனெனில் அந்த 88 கிராமும் நுரையாகப் பொங்கிக் காற்றில் போய்விடுகிறது. எதுவும் அழியவில்லை, நாம் அளந்த எல்லைக்கு வெளியே சென்றுவிட்டது. பிரெஞ்சு வேதியியலாளர் லவோசியர் 18ஆம் நூற்றாண்டில் மூடிய கலங்களில் வைத்து எடைபோட்டது இதனால்தான். புதுக் கள்ளை இறுக மூடிய பாட்டிலில் எடுத்துச் சென்றால் மூடி தெறிப்பதும் இதே 88 கிராமின் வேலை.

கருப்பட்டிக்குத் தேர்வில் ஒரே சொல்லில் விடை கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். பதநீரைக் காய்ச்சும்போது நீர் ஆவியாவது இயற்பியல் மாற்றம். ஆனால் நிறம் பழுப்பாகி மணம் எழும்போது சர்க்கரையே வினைபுரிகிறது, அது வேதியியல் மாற்றம். ஒரே அடுப்பில், ஒரே பாத்திரத்தில் இரண்டும் நடக்கின்றன.

பால் சொசைட்டியில் லேக்டோமீட்டர் போட்டுப் பார்க்கிறார்களே, அது எதை அளக்கிறது?

அடர்த்தியை. பாலில் மிதக்கவிட்டு, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்கும் கருவி அது. அடர்த்தி என்பது நிறையைக் கன அளவால் வகுத்து வருவது. ஒரு குடம் பாலுக்கும் ஒரு தம்ளர் பாலுக்கும் நிறை வேறு, கன அளவும் வேறு, ஆனால் அடர்த்தி ஒன்றே. அளவைச் சாராத இத்தகைய பண்புகளைக் கொண்டுதான் ஒரு பொருளை அடையாளம் காண முடியும். மலையாளத்தில் இதைச் ‘சாந்த்ரத’ என்பார்கள். கரைசலின் செறிவு வேறு. அதற்கு அங்கே ‘காடத’ என்று பெயர். ‘கெட்டியாக இருக்கிறது’ என்ற நம் பேச்சுவழக்கு இந்த இரண்டையும் விழுங்கிவிடுவதால், விடைத்தாளில் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள்.

லேக்டோமீட்டர் 30 என்று காட்டினால் பாலின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.030 கிராம் என்று பொருள். நல்ல பசும்பால் பெரும்பாலும் 28க்கும் 32க்கும் இடையில் நிற்கும். இப்போது 900 மில்லிலிட்டர் பாலில் 100 மில்லிலிட்டர் தண்ணீர் சேர்ந்தால் என்னாகும்? பாலின் நிறை 900 பெருக்கல் 1.030, அதாவது 927 கிராம். தண்ணீர் 100 கிராம். மொத்தம் 1,027 கிராம், ஒரு லிட்டரில். கருவி 27 காட்டும். பத்தில் ஒரு பங்கு தண்ணீருக்கு மூன்று கோடு இறக்கம்.

ஆனால் கருவி அடர்த்தியைத்தான் சொல்கிறது, நேர்மையை அன்று. பாலாடை தண்ணீரைவிட இலேசானது. ஆகவே ஆடையை எடுத்துவிட்டால் மிச்சப் பாலின் அடர்த்தி ஏறும். ஏறிய அடர்த்தியைத் தண்ணீர் ஊற்றிப் பழைய 30க்கே இறக்கிவிடலாம். இரண்டு குற்றங்களும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ள, லேக்டோமீட்டர் புன்னகையோடு மிதக்கும். சர்க்கரையோ உப்போ கலந்தாலும் அடர்த்தி ஏறும். அதனால்தான் பால் கொள்முதலில் அடர்த்தியோடு கொழுப்பையும் தனியாக அளந்து, இரண்டையும் கொண்டு கொழுப்பில்லாத திடப்பொருளைக் கணக்கிடுகிறார்கள்.

இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. அப்போதுதான் கறந்த பால் வெதுவெதுப்பாக இருப்பதால் விரிந்திருக்கும், அடர்த்தி குறைந்திருக்கும், கருவி ஆழமாக இறங்கும். ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்காதவர் குற்றவாளியாக நிற்பார். எந்த வெப்பநிலைக்கு அந்தக் கருவி செய்யப்பட்டது என்பது அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்கேற்ப பாலை ஆறவிட வேண்டும், அல்லது அளவீட்டைத் திருத்த வேண்டும்.

படி, நாழி, பறை எல்லாம் நிறையின் அலகுகளா?

கன அளவின் அலகுகள். நம் பக்கம் 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். மலையாள வழக்கில் 4 நாழி ஓர் இடங்கழி, 10 இடங்கழி ஒரு பறை. கேரளத் திருமணப் பந்தல்களில் இன்றும் நெல் நிறைத்த நிறபறை வைக்கிறார்கள். இவற்றின் சிக்கல் இரண்டு. முதலாவது, ஊருக்கு ஊர் அளவு மாறியது. எல்லையின் இருபுறமும் நாழி என்ற ஒரே சொல் வழங்கியது, ஆனால் பாத்திரம் ஒன்றாக இருந்ததில்லை. இரண்டாவது, ஒரே பாத்திரத்தில் அடங்கும் நிறை பொருளைப் பொறுத்தது: ஒரு லிட்டர் பாத்திரம் நிறைய அரிசி ஏறத்தாழ 800 கிராம், நெல்லோ 600 கிராமைச் சுற்றித்தான். தலைதட்டி அளந்தீர்களா, குவித்து அளந்தீர்களா, குலுக்கினீர்களா என்பதும் கணக்கில் வரும். மணிகளுக்கு இடையே உள்ள காற்றையும் சேர்த்து அளக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

இந்தியா மெட்ரிக் அளவைகளை ஏற்ற சட்டம் 1956இல் வந்தது. மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்து கேரளம் உருவானதும் அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாளில்தான். செங்கோட்டை அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது, தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. கோடு எங்கே விழுந்தாலும், அதன் இருபுறமும் கிலோ ஒன்றே என்றாயிற்று.

அந்தக் கிலோவை யார் முடிவுசெய்தார்கள்? 2019இல் என்ன மாறியது?

1889 முதல், பாரிஸுக்கு அருகில் செவ்ர் என்னுமிடத்தில் பாதுகாக்கப்பட்ட ஓர் உருளைதான் கிலோகிராம். 90 விழுக்காடு பிளாட்டினம், 10 விழுக்காடு இரிடியம். அதன் படிகள் நாடுகளுக்கு வழங்கப்பட்டன. இந்தியாவின் 57ஆம் எண் படி புது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. நூறாண்டுக் காலத்தில் மூல உருளைக்கும் அதன் படிகளுக்கும் இடையே ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் வேறுபாடு தோன்றியது. வேடிக்கை என்னவென்றால், வரையறைப்படி மூல உருளை ஒருபோதும் மாற முடியாது. உலகத்திலுள்ள மற்ற எல்லாப் பொருள்களும்தான் மாறின என்று சொல்ல வேண்டியிருந்தது. 2019 மே 20 முதல் இந்த உருளைக்கு அந்தப் பதவி இல்லை. இயற்பியலின் அடிப்படை மாறிலிகளில் ஒன்றான பிளாங்க் மாறிலியின் மதிப்பு 6.62607015 × 10⁻³⁴ ஜூல் வினாடி என்று நிலைநிறுத்தப்பட்டு, அதிலிருந்து கிலோகிராம் பெறப்படுகிறது.

பன்னாட்டு முறையில் அடிப்படை அலகுகள் ஏழு. வேதியியல் முதலாண்டுக்கு மீட்டர், கிலோகிராம், வினாடி, கெல்வின், மோல் ஆகிய ஐந்தும் அன்றாடம் வேண்டும். ஆம்பியர் மின்வேதியியலில் வரும். கேண்டெலாவை நீங்கள் சந்திக்காமலேயே படித்து முடித்துவிடலாம்.

8 கிராமும் 8.000 கிராமும் ஒன்றுதானே? ஏன் மதிப்பெண் குறைகிறது?

கணிதத்தில் ஒன்று, அளவீட்டில் ஒன்றன்று. நம் பக்கத்தில் பவுன், மலையாளத்தில் பவன். இரண்டும் 8 கிராம். சமையலறைத் தராசு 8 கிராம் என்று காட்டினால், உண்மை 7.5க்கும் 8.5க்கும் இடையில் எங்கோ இருக்கலாம். நகைக்கடைத் தராசு 8.000 என்று காட்டினால், மில்லிகிராம்வரை அது பார்த்திருக்கிறது. இந்த மூன்று பூஜ்யங்களும் அலங்காரம் அல்ல, கருவியின் வாக்குமூலம். தங்கம் வாங்கும்போது முதல் தராசை நீங்கள் ஏற்பீர்களா? பிறகு விடைத்தாளில் மட்டும் ஏன் அந்தப் பூஜ்யங்களை உதிர்க்கிறீர்கள்?

இப்போது 8.000 கிராம் உள்ள 24 காரட் காசின் கன அளவைக் கேட்கிறார்கள், தங்கத்தின் அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு 19.3 கிராம் என்று தருகிறார்கள். கால்குலேட்டர் 0.414507772 என்று காட்டும். அதை அப்படியே எழுதுவது பொய் சொல்வது. பெருக்கலிலும் வகுத்தலிலும், மிகக் குறைந்த பொருளுறு இலக்கங்கள் (அதாவது உண்மையில் அளந்து வந்த இலக்கங்கள்) உள்ள எண் எதுவோ அதுவே விடையையும் கட்டுப்படுத்தும், 19.3இல் மூன்று இலக்கங்கள்தான் உள்ளன. ஆகவே விடை 0.415 கனசென்டிமீட்டர்.

கூட்டலிலும் கழித்தலிலும் இலக்கங்களை எண்ணுவதில்லை, தசமத்தின் இடத்தைப் பார்க்கிறோம். வாளையார்ச் சாலையில் உள்ளதைப் போன்ற ஒரு லாரி எடைமேடை, 20 கிலோ படிகளில் எண் காட்டுகிறது என்று கொள்வோம். அது 12,480 கிலோ என்று காட்டிய பிறகு, ஓட்டுநர் 3.25 கிலோ பை ஒன்றை லாரியில் வைத்தால், பையைச் சேர்த்து 12,483.25 என்று எழுதுவதில் பொருளில்லை. 12,480இன் கடைசிப் பூஜ்யம் அளந்து வந்ததா, வெறுமனே இடம் நிரப்புகிறதா என்ற ஐயம் எழுமானால், 1.248 × 10⁴ என்று எழுதிவிடுங்கள்; நான்கு இலக்கங்கள் என்பது தெளிவாகிவிடும்.

துல்லியமும் நுட்பமும் வேறு வேறா?

வேறு. உண்மையில் 8.000 கிராம் உள்ள காசை மூன்று முறை வைத்து 8.112, 8.113, 8.112 என்று வந்தால், அந்தத் தராசு நுட்பமானது, ஆனால் துல்லியமற்றது. பலமுறை அளந்து சராசரி எடுத்தால் இந்தப் பிழை போகாது. தராசைச் சீர்செய்ய வேண்டும். 7.9, 8.2, 7.9 என்று சிதறினால் சராசரி உண்மைக்கு நெருங்கலாம், நுட்பம் இல்லை.

பங்குனியில் 40 டிகிரி என்கிறார்கள். அது 20 டிகிரியைப் போல் இரு மடங்கு வெப்பமா?

செல்சியஸ் அளவின் பூஜ்யம் தண்ணீர் உறையும் இடத்தில் நாம் நட்ட கல். வெப்பநிலை தொடங்கும் இடம் அன்று. தொடங்கும் இடம் −273.15 டிகிரி. அங்கிருந்து எண்ணும் கெல்வின் அளவில் 20 டிகிரி என்பது 293, 40 டிகிரி என்பது 313. ஏழு விழுக்காடு மட்டுமே கூடுதல். வாயுக் கணக்குகளில் செல்சியஸை அப்படியே போட்டால் விடை கேலிக்கூத்தாக வருவது இதனால்.

கிணற்று நீர் அறிக்கையில் ஃப்ளூரைடு 1.2 பி.பி.எம். என்றால் என்ன? கொதிக்க வைத்தால் குறையுமா?

பி.பி.எம். என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ ஒரு கிலோகிராம், அதாவது பத்து இலட்சம் மில்லிகிராம். ஆகவே நீரைப் பொறுத்தவரை லிட்டருக்கு ஒரு மில்லிகிராமும் ஒரு பி.பி.எம்.மும் நடைமுறையில் ஒன்றே. நீரைவிட்டு வேறு நீர்மத்துக்குப் போனால் இந்தச் சமன்பாடு நிற்காது. பாலக்காட்டின் கிழக்குப் பகுதி நிலத்தடி நீரில், பாறைகளிலுள்ள கனிமங்களிலிருந்து கரைந்த ஃப்ளூரைடு பல இடங்களில் மிகுந்திருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 1.0 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5வரை ஏற்கிறார்கள்.

கொதிக்க வைத்தால் குறையாது, கூடும். 10 லிட்டர் நீரில் 1.2 வீதம் 12 மில்லிகிராம் ஃப்ளூரைடு இருக்கிறது. கொதித்து 8 லிட்டராக வற்றினால் போவது நீர் மட்டுமே; 12 மில்லிகிராமும் அப்படியே நிற்க, லிட்டருக்கு 1.5 ஆகிவிடும். கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்லும், கரைந்த உப்புகளை நீக்காது. செறிவு என்பது ஒரு விகிதம் என்பதை மறந்தால் வீட்டில் என்ன நேரும் என்பதற்கு, எனக்குத் தெரிந்தவரை, இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

மோல் என்பது எவ்வளவு பெரிய எண்?

மலையாளத்தில் மகளை ‘மோள்’ என்று அழைப்பார்கள், இந்த அலகையும் அதே எழுத்துகளில்தான் எழுதுவார்கள். வகுப்பில் சிரித்து முடித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. மோல் என்பது டஜன் போன்ற ஓர் எண்ணிக்கைச் சொல்: 6.02214076 × 10²³ துகள்கள். ஒரு மோல் தண்ணீர் 18 கிராம். ஏறத்தாழ மூன்றரைத் தேக்கரண்டியில் அடங்கிவிடும்.

அரிசியை ஒரு மோல் எண்ணினால்? ஒரு மணி 0.02 கிராம் என்று கொண்டால், மொத்தம் ஏறத்தாழ 1.2 × 10¹⁶ டன். உலகம் ஓராண்டில் விளைவிக்கும் அரிசி ஏறத்தாழ 50 கோடி டன் என்பதால், இன்றைய விளைச்சலில் ஒரு மோல் அரிசி சேர 2.4 கோடி ஆண்டுகள் ஆகும். மணியை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. நூறு மணியை எடைபோட்டு, மூட்டையின் எடையிலிருந்து எண்ணிக்கையைக் கணக்கிடுகிறோம். மோல் கணக்கு முழுவதும் இந்த ஒரு தந்திரம்தான்.

அலகு மாற்றும் கணக்கில் பெருக்குவதா வகுப்பதா என்று எப்போதும் தடுமாறுகிறேன். வழி உண்டா?

எண்ணை மறந்துவிட்டு அலகை மட்டும் எழுதுங்கள்; வேண்டாத அலகு மேலும் கீழும் வந்து அடிபட வேண்டும். எல்லையின் இருபுறமும் நிலத்தைச் செண்ட் கணக்கில்தான் சொல்கிறோம் என்பதால் இப்படி ஒரு கணக்கைப் பாருங்கள்: ஒரு செண்ட் நிலத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர் நீர் விழும்? ஒரு செண்ட் 40.47 சதுரமீட்டர். 25 மில்லிமீட்டரை, மீட்டருக்கு 1,000 மில்லிமீட்டர் என்பதால், 1,000ஆல் வகுத்தால் மில்லிமீட்டர் அடிபட்டு 0.025 மீட்டர் நிற்கும். சதுரமீட்டரை மீட்டரால் பெருக்கினால் கனமீட்டர்: 1.01. ஒரு கனமீட்டருக்கு 1,000 லிட்டர். பெருக்கினால் கனமீட்டர் அடிபட்டு 1,010 லிட்டர். 25இல் இரண்டு இலக்கங்களே இருப்பதால் 1.0 × 10³ லிட்டர் என்று எழுதுங்கள். ஏறத்தாழ ஒரு டன் தண்ணீர். மழை குறைந்த நம் கிழக்குப் பக்கத்தில், ஐந்து செண்ட் வீட்டுமனைமீது ஒரே ஒரு நல்ல மழை கொட்டிவிட்டுப் போகும் நீர் ஐந்து டன்.